ஸ்பவுஸ் விசா: நேர்காணல் தேதியைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

கணவரோ மனைவியோ அமெரிக்காவில், மற்றவர் இங்கே. அங்கே இருப்பவர் துணைக்காக ஐ-130 என்ற மனு போட்டு, அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் ஒப்புதல் கொடுத்து, கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். அப்புறம் விசா கட்டணம் 325 டாலரும், ஸ்பான்சர் பத்திரத்துக்கான 120 டாலரும் கட்டி, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களையெல்லாம் ஏற்றினால், ஒருநாள் 'டிக்யூ' ஆகிவிட்டது என்று மெயில் வரும். ஆவணங்கள் சரியாக இருக்கின்றன, இனி நேர்காணல் தேதிக்குக் காத்திருங்கள் என்று அர்த்தம். இதுவரைக்கும் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். தேதி வந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அங்கேதான் குளறுபடி ஆரம்பம்.

நான் திருச்சியில் இந்தப் படிவ வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையே புதிதாக வருபவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். போட்டோ அளவு, விட்டுப்போன கையெழுத்து, பிறப்புச் சான்றிதழில் இல்லாத பெயர் எல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். தேதியைக் கெடுப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மருத்துவப் பரிசோதனையை மும்பைப் பயணத்தோடு சேர்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில். நேர்காணலுக்கு முன் அமெரிக்கத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மருத்துவர்கள் சென்னையிலும் உண்டு. ஆனால் வீட்டில் கணக்குப் போடுவது வேறு மாதிரி. "சார், எப்படியும் மும்பை போறோம்ல? நாலு நாள் முன்னாடியே போய் அங்கயே டெஸ்ட்டையும் முடிச்சிடறோம். சென்னைக்கு ஒரு தடவை, மும்பைக்கு ஒரு தடவைன்னு எதுக்கு அலையணும்?" கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இப்படித்தான் சொல்லிவிட்டுப் போனது. பெண்ணின் அப்பா சொன்ன வார்த்தைகளைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். நேர்காணல் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தில் நகை வாங்கினார்கள், குலதெய்வம் கோயிலுக்குப் போனார்கள், பெண் வங்கி வேலையை ராஜினாமா செய்தாள். மும்பையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல் பகுதியில் சின்னதாக ஒரு தழும்பு.

15 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். அதில் காசநோய் என்று சந்தேகப்பட ஏதாவது தெரிந்தால், அது பழைய தழும்பாகவே இருந்தாலும், மருத்துவர் தன் விருப்பப்படி "பரவாயில்லை" என்று எழுதிவிட முடியாது. அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். கூடவே கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சரும் வைப்பார்கள், அந்தக் கிருமி மெதுவாக வளர்வது, எட்டு வாரம் வரை பொறுத்துப் பார்த்துத்தான் இல்லை என்று சொல்வார்கள். யார் சிபாரிசு செய்தாலும் எட்டு வாரம் எட்டு வாரம்தான்.

லாட்ஜில் அறையை நீட்டித்துக்கொண்டு, மூன்று நாள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஆட்டோ பிடித்துப் போய் அந்தப் பெண் டப்பாவில் சளி கொடுத்துவிட்டு வந்தாள். நேர்காணலில் மற்றதெல்லாம் சரி, மருத்துவ அறிக்கை மட்டும் இல்லை. கையில் 221 ஜி சீட்டு, அதாவது குறைவதைக் கொடுக்கும் வரை விசா நிறுத்திவைப்பு. டல்லாஸில் கணவர் பெரிய வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டார், இருவருக்குமாக டிக்கெட்டும் எடுத்திருந்தார். இங்கே சம்பளம் இல்லை, அங்கே இரட்டை வாடகை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்தார். "ஏங்க, பாப்பாவுக்கு ஆறு வயசுல பிரைமரி காம்ப்ளக்ஸ்னு சொல்லி ஆறு மாசம் மருந்து குடுத்தோமே, அதுவா இருக்குமா?" அதாகத்தான் இருக்கும். நம் ஊரில் எத்தனையோ பேருக்குச் சின்ன வயதில் அந்தப் பெயரைச் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது காசநோய் மருந்து என்பதே பல வீடுகளில் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, முன்பு காசநோய் வந்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தாள்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, நல்லபடியாக முடிந்தது. ஆனால் இதற்கு ஒரு வாலும் உண்டு. சாதாரணமாக மருத்துவ அறிக்கை ஆறு மாதம் செல்லும். இப்படிச் சளிப் பரிசோதனை வரை போனவர்களுக்கு மூன்று மாதம்தான். விசாவின் காலக்கெடுவும் மருத்துவ அறிக்கையைத் தாண்டிப் போகாது. தை பிறந்ததும் போகலாம் என்று இரண்டாவது முறை எடுத்த டிக்கெட்டையும் மாற்றி, மார்கழியிலேயே கிளம்பினார்கள்.

ஆகவே கடிதம் வந்த வாரமே சென்னையில் நேரம் வாங்குங்கள். அதற்கு முந்தின நாள் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சின்ன வயதில் என்னென்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் தாள் எது பீரோவில் கிடந்தாலும் எடுத்துப்போங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் சென்னைக்குப் போய்வந்த செலவோடு முடிந்தது. சந்தேகம் வந்தால், எட்டு வாரக் கணக்கு ஒரு மாதம் முன்னாடியே ஓட ஆரம்பித்துவிடும். உண்மையிலேயே நோய் இருந்து சிகிச்சை தொடங்க வேண்டியவர்களுக்கு இன்னும் முக்கியம். மாத்திரையை ஒருவர் கண்முன்னே விழுங்கி முழுச் சிகிச்சையும் முடிய ஆறு மாதமாவது ஆகும், அதுவரை விசா கிடையாது.

கர்ப்பமாக இருப்பவர்கள் வயிற்றுக்கு ஈயத் தடுப்பு போட்டு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம், அல்லது பிரசவம் வரை தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தால் விசாவும் தள்ளிப்போகும். இரண்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்தியாவில் ரத்தப் பரிசோதனை. அதில் பாசிட்டிவ் என்று வந்தால் அவர்களுக்கும் எக்ஸ்ரே. அம்மாவுக்கு எல்லாம் முடிந்து, பிள்ளைக்கு மாட்டிக்கொண்ட கேஸையும் பார்த்திருக்கிறேன்.

கைரேகைக்கும் சேர்த்துத் தேதி வந்துவிட்டது என்று நினைப்பது

வரவில்லை. நேர்காணல் தேதி நேஷனல் விசா சென்டரிலிருந்து வரும். கைரேகைக்கான தேதியை நீங்கள்தான் விசா அப்பாயிண்ட்மெண்ட் தளத்தில் கணக்குத் தொடங்கி, நேர்காணலுக்கு முந்தைய ஒரு நாளுக்கு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த ஊரில் திரும்ப வேண்டும் என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும்.

வளைகுடா முகவரி

இது திருச்சி, ராமநாதபுரம், தஞ்சாவூர்க்காரர்களுக்கு. மனைவி அமெரிக்காவில் சிட்டிசன், கணவர் துபாயில் வேலை. படிவத்தில் துபாய் முகவரியைக் கொடுத்ததால் கேஸ் அபுதாபித் தூதரகத்துக்கு ஒதுக்கப்பட்டது, அது சரிதான். நடுவில் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார், யாருக்கும் சொல்லவில்லை. கடிதம் வந்தபோது கையில் அந்த நாட்டு ரெசிடென்ட் விசா இல்லை. கேஸை மும்பைக்கு மாற்றச் சொல்லி எழுதி, அங்கே போய்ச் சேர்ந்து, புதிதாக வரிசையில் நின்று... மாதங்கள் போயின.

எந்த நாட்டில் இருக்கப்போகிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டு முகவரி எழுதுங்கள். நடுவில் மாறினால் தேதி வருவதற்கு முன்பே நேஷனல் விசா சென்டருக்குத் தெரிவியுங்கள். 2025 நவம்பரிலிருந்து, வசிக்கும் நாட்டிலோ குடியுரிமை உள்ள நாட்டிலோதான் நேர்காணல் என்பதைக் கறாராக வைத்திருக்கிறார்கள்.

அதோடு போலீஸ் சான்றிதழ். குடியுரிமை உள்ள நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தாலே வேண்டும், 16 வயதுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்த மற்ற ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். அந்த நாட்டில் இருக்கும்போதே வாங்குவது சுலபம். இங்கே வந்த பிறகு என்றால் கைரேகைத் தாள், சான்றொப்பம், கூரியர் என்று இழுக்கும். இந்தியச் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் கிடைக்கும். நீங்கள் தொடர்ந்து வசிக்கிற நாட்டின் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். டிக்யூ ஆகி நெடுநாள் காத்திருந்தவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மெயில்

படிவத்தில் கொடுக்காதீர்கள். வேலையை விட்ட அன்றே மெயிலும் போய்விடும்.

நடுவில் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றுவது

கல்யாணம் ஆனதும் அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட வேண்டும் என்று மாமியார் வீட்டில் ஆசைப்படுவார்கள். ஆசையில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. மனுவில் ஒரு பெயர், டிஎஸ்-260-இல் ஒரு பாஸ்போர்ட் எண், போலீஸ் சான்றிதழில் இன்னொன்று என்று ஆகிவிடும். டிஎஸ்-260 சமர்ப்பித்த பிறகு நாமாகத் திருத்த முடியாது, திறந்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கல்யாணம் ஆனதை நிரூபிக்கத் திருமணப் பதிவுச் சான்றிதழே போதும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இன்ஷியலை விரித்து எழுதுவதில் ஏற்கெனவே நமக்கு இருக்கிற சிக்கல் போதும்.

ஆடி, அஷ்டமி, மச்சினி கல்யாணம்

இதற்காகத் தேதியைத் தள்ளாதீர்கள். அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று ஜோசியருக்கும் தெரியாது.

சிட்டிசன் ஆன சந்தோஷத்தில் பிள்ளைகளை மறப்பது

கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்கு மனுப் போட்டால் அது எஃப்2ஏ பிரிவு. அதில் ஆண்டுக்கு இத்தனை என்று வரம்பு உண்டு, அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், எந்தத் தேதி வரை மனுப் போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் அந்தத் தேதி திடீரென்று 2020 செப்டம்பருக்குப் பின்வாங்கியது, அதுவரை வரிசையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அதனால் பலரும் கணவர் எப்போது சிட்டிசன் ஆவார் என்று காத்திருக்கிறார்கள். ஆனதும் மனைவி கேஸ் உடனடி உறவினர் பிரிவுக்கு மாறும், வரம்பு கிடையாது. குடியுரிமைச் சான்றிதழின் நகலை நேஷனல் விசா சென்டருக்கு அனுப்பினால் போதும்.

சிக்கல் பிள்ளைகளுக்கு. எஃப்2ஏ-வில் அம்மாவின் மனுவோடு பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். உடனடி உறவினர் பிரிவில் அப்படி ஒட்ட முடியாது, ஆளுக்கு ஒரு ஐ-130 வேண்டும். இதைக் கவனிக்காத வீட்டில் அம்மாவுக்கு மும்பைத் தேதி வந்திருக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும் மனுவே போட்டிருக்க மாட்டார்கள். அம்மா தனியாகப் போவதா, தேதியை விடுவதா என்று வீட்டில் பெரிய சண்டை. குடியுரிமை விண்ணப்பம் போடும்போதே பிள்ளைகளுக்கும் தனி மனுப் போட்டுவைத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

ஏப்ரலைத் தாண்டும் தேதி

அமெரிக்காவில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சரின் வருமான வரிக் கணக்கைப் போன வருடம் ஏற்றியிருப்பீர்கள். நேர்காணல் ஏப்ரல் 15-க்குப் பிறகு என்றால் புது வருடக் கணக்கைக் கேட்பார்கள். அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தளத்திலிருந்து அந்தக் கணக்கின் டிரான்ஸ்கிரிப்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

இரண்டாவது கல்யாண நாள்

அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை என்றால் சிஆர்1 பிரிவு, இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. இரண்டு வருடம் தாண்டி நுழைந்தால் ஐஆர்1 பிரிவு, பத்து வருடக் கார்டு. கணக்கு விசா அடித்த நாளை வைத்து இல்லை, நுழையும் நாளை வைத்து. விசா செல்லுபடியாகும் காலத்துக்குள்ளேயே இரண்டாவது கல்யாண நாள் வருகிறது என்றால் அதைத் தாண்டி டிக்கெட் போடுங்கள். விசாவில் சிஆர்1 என்று அடித்திருந்தாலும், விமான நிலையத்தில் அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி ஐஆர்1 என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். அதனால் சான்றிதழைச் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.