ஹட்டியிலும் லயனிலும் சர்க்கரை நோய்த் தடுப்புக் குழு தொடங்குவது எப்படி

நீலகிரியில் ஒரு ஹட்டியோ (படகர் ஊர்) லயனோ (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தானே முன்வந்து சர்க்கரை நோயைத் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களின் அனுபவத்தைத்தான். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் நிலத்தில் வாழும் அவர்கள் தங்களை தினே என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1864இல் ராணுவம் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து நெடுந்தூரம் நடத்தியே கொண்டுபோய் அடைத்து வைத்தது. 1868இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் உண்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் ரேஷனாகக் கிடைத்தவை வெள்ளை மாவும் கொழுப்பும் போன்றவை. இன்றும் அவர்கள் விழாக்களில் உண்ணும் பொரித்த ரொட்டி அந்த ரேஷனிலிருந்து பிறந்ததுதான்.

சாப்பாடு மாறி சர்க்கரை நோய் வந்த இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. ராகியும் சாமையும் விளைந்த மேடுகளில் தேயிலை ஏறியது. தட்டில் ரேஷன் அரிசி வந்தது. மாலை டீயுடன் மைதாவும் கொழுப்பும் சேர்ந்த வர்க்கி வந்தது. ஆகவே நோய் வந்தவரைக் குற்றவாளிபோல நடத்தும் பேச்சை முதல் நாளே விட்டுவிட வேண்டும். ஒரு தலைமுறைக்குள் சாப்பாடு மாறியது எப்படி என்று ஊரில் மூத்த பாட்டி ஒருவரைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். டாக்டரின் அறிவுரையைவிட அது நெஞ்சில் தங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடக்கம் ஊர்க்கூட்டத்தில்தான் இருக்க வேண்டும். நவஹோ மக்களுக்கு 110 உள்ளூர் மன்றங்கள் உண்டு. 2014இல் அவர்களுடைய ஆட்சிமன்றம், சத்தில்லாத நொறுக்குத் தீனிக்கும் இனிப்புப் பானங்களுக்கும் கூடுதலாக 2 சதவீத வரி விதித்து, காய்கறி, பழம் போன்றவற்றுக்கு விற்பனை வரியிலிருந்து விலக்கும் அளித்தது. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்த வரிப்பணம் உள்ளூர் மன்றங்களுக்கே திரும்பி வந்து, உடற்பயிற்சி வகுப்பு, காய்கறித் தோட்டம், நடைபாதை போன்ற அவர்களே தேர்ந்தெடுத்த வேலைகளுக்குச் செலவானது. நமக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஊர் கவுடரும் பெரியவர்களும் மகளிர் குழுவினரும் ஒன்றாக உட்கார்ந்து, ஊர்ப் பொதுக் காரியங்களில் கலர் பானம் வாங்குவதில்லை, டீயில் சர்க்கரையைத் தனியாக வைப்பது என்று முடிவெடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. எஸ்டேட் லயன்களில் இப்படிப்பட்ட கூட்டம் கூடுவது கடினம் என்பதால், கொழுந்து எடை போடும் இடத்தில் கிடைக்கும் கால் மணி நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டறிவது. இதற்கு ஊசி தேவையில்லை. தையல்காரரின் அளவு நாடா ஒன்று போதும். சென்னையில் உருவாக்கப்பட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையில், வயதுக்கு 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்புக் குறைவுக்கு 30, பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்தால் 20 என்று அதிகபட்சம் 100 மதிப்பெண்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தவரைக் கட்டாயம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடுப்பு, கவனிக்க வேண்டிய இடுப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகு, மூச்சு விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் குளிரில் ஸ்வெட்டரோடு அளந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அது நோய்க்கு முந்தைய நிலை; 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். இங்கே நம் மலைக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரைக் குறைபாடு) முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான் பதிவானது. அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை தவறான எண்ணைத் தரக்கூடும். ஆகவே இருளர், பணியர், குறும்பர் குடியிருப்புகளில் அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பாமல், வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கும்படி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பேச்சைக் குறைத்து, கண்ணால் பார்க்கச் செய்யுங்கள். ஒரு லயனில் நாங்கள் சமையலறைத் தராசு ஒன்றை மேசைமேல் வைத்து, தினமும் டீக்குப் போடும் சர்க்கரையை ஒவ்வொருவரும் அவரவர் கரண்டியாலேயே ஒரு தாளில் கொட்டும்படி சொன்னோம். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு நான்கு டம்ளர். ஏறத்தாழ 32 கிராம். அதை முப்பதால் பெருக்கி, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அருகில் வைத்தபோது, ஓர் அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது முழுக்க நான் ஒருத்தி ஒரு மாசத்துல குடிக்கிறதா?" என்று கேட்டார். அதன் பிறகு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிக்கொள்கிறது. ஒரேயடியாக நிறுத்தியவர்களில் பலர் பத்தாம் நாள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள்.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. ராகி கிடைக்கும் மாதத்தில் அதை வாங்கி, களியாகவோ அடையாகவோ அவரை உதக்கவுடன் (அவரைக் குழம்பு) உண்ணும் ஒரு வேளையை வாரத்தில் மூன்று நாளாவது கொண்டுவரலாம். ராகியிலும் மாவுச்சத்து உண்டு என்பதால், சர்க்கரை சேர்த்த கூழாகக் காய்ச்சிக் குடித்தால் பயனில்லை. நம் கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுகின்றன. ஏற்றுவதற்கு முன் வீட்டுக்கென ஒரு கூடையை எடுத்து வைக்கும்படி விவசாயிகளிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நடைப்பயிற்சியை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லக் கூடாது. சரிவில் நாள் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடை போதாமல் இல்லை. அவருக்கு வேண்டியது உணவு மாற்றமும் ஓய்வும். கடையில், அலுவலகத்தில், ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் நடை தேவை. விடியலில் கிழக்கு நோக்கி ஓடுவது நவஹோ மரபு. 1993இல் ஷிப்ராக் என்ற நவஹோ ஊர்ப் பகுதியில் தொடங்கிய 'ஜஸ்ட் மூவ் இட்' என்ற ஊர் நடை, போட்டியாக இல்லாமல் குழந்தை முதல் முதியவர் வரை சேர்ந்து நடக்கும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் இங்கே விடியலிலும் அந்தியிலும் தேயிலைத் தோட்டத்தில் கரடியும் காட்டெருமையும் நிற்கும். வெயில் ஏறிய பிறகு, நான்கு பேருக்குக் குறையாமல், பேசிக்கொண்டே, வளைவுகள் நன்றாகத் தெரியும் சாலையில் நடக்க வேண்டும். மழை மாதங்களில் சமுதாயக் கூடத்துக்குள் படகர் ஆட்டம் ஆடினால் அரை மணி நேரம் வியர்த்துவிடும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாக அளவை மாற்றக் கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்தால் வாயில் போட, நடக்கும்போது பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு செய்தால் போதும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஷிப்ராக்கும் ஒரு மையமாக இருந்த அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு பயிற்சி பெற்றவர்களில், நோய்க்கு முந்தைய நிலை நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது. நம்மவரிடையே நடந்து 2006இல் வெளியான ஆய்வில் அந்தக் குறைவு 28.5 சதவீதம். எண் சிறியதாகத் தோன்றலாம். அந்தக் குறைவுக்குள் நம் ஊர் அக்காவோ அண்ணனோ இருக்கக்கூடும் என்பதால் எனக்கு அது பெரிய எண்.

அமெரிக்க ஆய்வில் முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நடந்தன. நம் குழுவும் முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை கூடுவது நல்லது. நவஹோ ஊர்களில் 1968 முதல் அந்தந்த ஊரின் மொழி பேசும் சமூக நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். இங்கே 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் அக்காவைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அலைச்சல் குறையும். ஒரு நோட்டில் பெயர், தேதி, இடுப்பளவு, எடை ஆகியவற்றை எழுதி, அதைச் செயலாளரின் வீட்டில் பூட்டி வையுங்கள்; ஒருவருடைய எண்ணை மற்றவர் முன் படிக்காதீர்கள். இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்குக் குழுவில் இருவர் போய், ஏன் வரவில்லை என்று கேட்காமல், உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டும். ஆறாம் மாத முடிவில் அதே நாடாவால், முதலில் அளந்தவரே மீண்டும் அளந்து, பெயர்களை விட்டுவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் ஊர்க்கூட்டத்தில் வையுங்கள்.