பால் புட்டியிலிருந்து டம்ளருக்குக் குழந்தையைப் பழக்குவது எப்படி

குழந்தைக்கு 6 மாதம் முடிந்து கூழும் பருப்புச் சோறும் ஊட்டத் தொடங்கும் நாளிலேயே டம்ளரையும் அதன் கையில் கொடுத்துப் பழக்கலாம். 12 மாதம் ஆனதும் புட்டியைக் குறைக்கத் தொடங்கி, 18 மாதத்துக்குள் அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. என் மகனுக்கு நான் தொடங்கியபோது 16 மாதம் ஆகியிருந்தது. தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடும் எனக்கு, புட்டியை நிரப்பி அவனுடைய ஆயாவிடம் (பாட்டியிடம்) கொடுத்துவிட்டுச் செல்வதுதான் எளிதாக இருந்தது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தாய்மார்கள் பலருக்கும் இதே நிலைதான் என்பதால், புட்டி கொடுத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை நிறுத்தும் வழியை மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

நிறுத்துவதற்கான முதல் காரணம் பல். வாயில் புட்டியோடு உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கிறது; உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் அது கழுவப்படாமல் கிடக்க, வாயிலுள்ள கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றிப் பல்லை அரிக்கின்றன. ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு போலத் தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டாவது காரணம் பசி. புட்டி எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் குழந்தை பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு சோற்றை ஒதுக்கிவிடும்; பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் அப்படி வளரும் குழந்தைக்கு இரத்தசோகை வருகிறது. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி பால் போதும். புட்டியின் ரப்பரையும் கழுத்தையும் சரியாகக் கழுவ முடியாமல் வயிற்றுப்போக்கு வருவதை நம் வீடுகள் நன்கு அறியும். பால் புட்டிக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பாத்திரத்துக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. விளிம்பு வெளிப்பக்கம் மடிந்த சின்ன எவர்சில்வர் டம்ளர் எல்லா வீட்டிலும் இருக்கும், அதுவே நல்லது. கடையில் விற்கும் மூக்கு வைத்த, கவிழ்த்தாலும் சிந்தாத கோப்பைகளிலும் குழந்தை உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும் என்பதால், அவற்றை வடிவம் மாறிய புட்டி என்றே நான் கருதுகிறேன். பயணத்துக்கு உறிஞ்சு குழல் வைத்த கோப்பை இருக்கலாம். பால் புகட்டும் சங்கும் பாலாடைக் கிண்ணமும் பச்சிளங்குழந்தைக்கு அருமையானவை. ஆனால் அவற்றில் ஊற்றுவது நம் கை, எனவே தானாகக் குடிக்கும் பழக்கம் அவற்றால் வராது.

குடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சிந்திவிடுமே என்று டம்ளரின் அடியில் இரண்டு மடக்கு மட்டும் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். அவ்வளவு குறைவாக இருந்தால் டம்ளரை மிகவும் சாய்க்க வேண்டியிருக்கும், பால் ஒரே பாய்ச்சலாக வந்து மூக்கில் ஏறும், குழந்தை மிரண்டு டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சின்ன டம்ளரை முக்கால் பங்கு நிரப்பி, அதன் விளிம்பைக் கீழுதட்டின் மேல் வைத்து, பால் மேலுதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து நிறுத்திவிடுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். முதலில் நாக்கு வெளியே வந்து பாலைத் தொட்டுப் பார்க்கும், பிறகு மேலுதடு மெல்ல இறங்கும், ஒரு மிடறு உள்ளே போகும். உடனே டம்ளரை எடுத்துவிட்டு, விழுங்கிய பின் மறுபடி கொடுங்கள். முகவாயில் வழிவது இரண்டு வாரத்தில் குறைந்துவிடும். அதுவரை கழுத்தில் ஒரு துண்டு கட்டினால் போதும்.

எச்சில் படக்கூடாது என்று அண்ணாந்து குடிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதைக் குழந்தையிடம் காட்டாதீர்கள். மேலிருந்து ஊற்றினால் புரையேறிவிடும். குழந்தைக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

புட்டிகளை ஒரே நாளில் பிடுங்குவதைவிட ஒவ்வொன்றாகக் குறைப்பதே நல்லது. நடுப்பகல் புட்டியின் மீது குழந்தைக்குப் பற்று குறைவு, ஆகவே முதலில் அதை நிறுத்திச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மாலைப் புட்டியும், அதன் பின் காலைப் புட்டியும் போகட்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போதும், வீடு மாறும்போதும் இதைத் தொடங்க வேண்டாம். கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து, ரப்பரின் துளையைப் பெரிதாக வெட்டிப் புட்டியில் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்; கூழ் கரண்டியில் ஊட்ட வேண்டிய உணவு. மாம்பழமும் அப்படியே: சாறாக்கிப் புட்டியில் ஊற்றாமல் துண்டாக்கிக் கொடுங்கள்.

தண்ணீர் குடிக்கப் பழக்குவதும் இந்த டம்ளரில்தான் என்பதால், அது எந்தத் தண்ணீர் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில்தான் அது பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்குகிறது. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. அதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013 முதல் கிடைக்கும் அந்தக் காவிரித் தண்ணீரைக் குழந்தைக்கென்று தனியாகப் பிடித்துக் காய்ச்சி ஆற்றி வையுங்கள்.

இரவுப் புட்டிதான் கடைசி, அதுவே கடினம். என் மகன் புட்டியைக் குடித்தபடியே என் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு உறங்குவான். பால் பசிக்காக அல்ல, உறக்கத்துக்காகக் கேட்கப்படுகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரவுச் சோற்றோடு பாலை டம்ளரில் கொடுத்து, ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிட்டு, விளக்கை அணைத்து, முந்தானையை மட்டும் அவன் கையில் கொடுத்துப் பாடிக்கொண்டே படுத்தேன். முதல் இரண்டு இரவுகள் நெடுநேரம் அழுதான். ஐந்தாம் இரவில் அழாமல் உறங்கிவிட்டான். அவ்வளவு அழுகையைத் தாங்க முடியாத வீட்டில், இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மில்லி பாலைக் குறைத்து, கடைசியில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்து நிறுத்தலாம். நடு இரவில் விழித்தால் டம்ளரில் தண்ணீர் கொடுங்கள். தாய்ப்பால் தொடர்ந்தால் அதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

டம்ளரில் குடிக்கும்போது ஒவ்வொரு மிடறுக்கும் புரையேறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எடை இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பால் மட்டும் சில நாள் குறைந்தால் அஞ்ச வேண்டாம். தயிர், மோர்ச்சோறு, கேழ்வரகு ஆகியவை அதை ஈடுகட்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். நான் வேலைக்குப் போன பிறகு பேரன் அழுவதைப் பொறுக்காமல் ஆயா ஒரு புட்டியை மறைத்து வைத்துக் கொடுத்துவந்தார். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்து வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு இருவரும் உட்கார்ந்து பேசினோம். மறுநாள் அவரே ரப்பர்களை எல்லாம் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, புட்டிகளைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார்.