ஒலிபெருக்கிப் பெட்டியின் உட்கொள்ளளவை அளந்த விதம்: என் அனுபவம்

பழைய மரப்பெட்டி ஒன்றுக்குப் புதிய ஸ்பீக்கர் பொருத்த விரும்பினேன். தாழ்ந்த ஒலிகளை வலுப்படுத்தப் பெட்டியில் பொருத்தும் காற்றுக்குழாயின் நீளத்தைக் கணக்கிட உட்கொள்ளளவு தெரிய வேண்டும். ஆனால் சாய்ந்த சுவர்களும் வளைந்த பின்புறமும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட அப்பெட்டியில் அளவுநாடா பயன்படாது, தண்ணீர் ஊற்றினால் மரம் ஊறிவிடும், அரிசி போன்ற தானியமோ இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும்.

எனவே, மாறாத வெப்பநிலையில் காற்றின் அழுத்தமும் கொள்ளளவும் எதிர்விகிதத்தில் அமையும் என்னும் பாயில் விதியை நாடினேன். ஸ்பீக்கர் துளையைத் தடித்த பலகையால் அடைத்து (ஸ்பீக்கரே அங்கு இருந்தால் அதன் கூம்பு அழுத்தத்துக்கு நகர்ந்து கணக்கைக் கெடுக்கும்), எல்லா இணைப்புகளிலும் சிலிகான் பூசினேன். 100 மி.லி. ஊசிக்குழல் ஒன்றையும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூபை 'U' வடிவில் வளைத்து நிறமிட்ட நீர் நிரப்பியதையும் பெட்டியுடன் இணைத்தேன்.

ஊசிக்குழலின் காற்று முழுவதையும் உள்ளே தள்ளியதும் நீர்மட்டங்கள் விலகின. அழுத்தப்பட்ட காற்று சற்றே சூடாவதால் முதலில் தெரியும் வேறுபாடு மிகையானது. அது குறைந்து ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருப்பதே இம்முறையின் உயிர்நாடி. நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

வேறுபாடு 5.2 செ.மீ.யில் நின்றது. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,033 செ.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம், அதை 0.1 லிட்டரால் பெருக்கி 5.2-ஆல் வகுத்தால் சுமார் 19.9 லிட்டர். உயரமான ஊர்களில் அந்த ஊரின் உண்மையான காற்றழுத்தத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரின் காந்தமும் சட்டகமும் அடைக்கும் இடத்தைக் கழித்த பிறகே குழாயை வெட்டினேன்.