பாடுகளின் நாட்களில் தேவனை நம்புவதும் நேசிப்பதும்: ஒரு நடைமுறை வழிகாட்டி

துன்பம் வரும்போது விசுவாசியைத் தடுமாறச் செய்வதில் அத்துன்பத்துக்கு ஒரு பங்கு உண்டென்றால், உண்மையான விசுவாசி அந்த வேளையில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மனதில் வைத்திருக்கும் எண்ணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கலங்காத முகமும், எந்நேரமும் துதிக்கும் நாவும், கேள்வியே எழாத உள்ளமும் தமக்கு வாய்க்கவில்லை என்று கண்டவுடன், தம்முடைய விசுவாசமே அற்றுப்போயிற்று என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். வேதாகமத்தின் பரிசுத்தவான்களோ அப்படி இருக்கவில்லை. யோபும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள். எலியா சாவைக் கேட்டு ஜெபித்தார். ஆகையால் உணர்வுகளைச் சீராக்கும் வழியை நான் இங்கே சொல்லப்போவதில்லை. உள்ளம் எந்த நிலையில் இருந்தாலும் நம்பிக்கையையும் அன்பையும் செயலில் காட்ட முடியும். அதை எப்படிச் செய்வது என்பதே இங்கு பேசப்படுவது.

முதலில் உடலைக் கவனியுங்கள். முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், தம்மைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிவந்து சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தூதன் அவரை இரண்டுமுறை தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், இடையில் அவர் மறுபடியும் தூங்கினார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கு வெகு நாட்களுக்குப் பின்பே, ஓரேப் மலையில்தான் வந்தது. பல இரவுகள் தூங்காதவர், சரியாகச் சாப்பிடாதவர், தம் ஆவிக்குரிய நிலையைக் குறித்து எடுக்கும் எந்த முடிவையும் நம்ப வேண்டாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாரேனும் சொன்னால், நோயுற்ற ராஜாவான எசேக்கியாவை நினைத்துக்கொள்ளுங்கள்: அவருக்கு இன்னும் 15 ஆண்டுகள் ஆயுசு கூட்டப்படும் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பின்னரும், தீர்க்கதரிசியான ஏசாயா அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அதை ஜெபத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல், அன்றைக்கே நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ஜெபம். இதுவே இக்கட்டுரையின் மையம் என்பதால் இதில் சற்றுத் தங்குவோம்.

சங்கீதங்களில் பல, புலம்பல்கள். அவற்றில் ஒன்றான 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது. ஆனால் துன்பப்படுகிறவர் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள அது போதும். தாவீது முதலில் கர்த்தரை அழைக்கிறார். எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்டு முறையிடுகிறார். பிறகு தமக்கு வேண்டியதை நேராகக் கேட்கிறார். கடைசியில், நிலைமை மாறியதாக எந்தக் குறிப்பும் இல்லாமலே, தேவனுடைய கிருபையின்மேல் தாம் வைத்த நம்பிக்கையைச் சொல்கிறார். இந்த வரிசையை வைத்துக்கொண்டு உங்கள் சங்கீதத்தை நீங்களே எழுதுங்கள். "ஆண்டவரே, எங்கள் கஷ்டங்களை நீர் அறிவீர்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தக் கடன், எந்த நோய், யாருடைய எந்தச் சொல், எந்தத் தேதியைக் குறித்த பயம் என்று பெயர்சொல்லி எழுதுவது நல்லது. கோபம் இருந்தால் அதையும் எழுதலாம். தேவனிடத்தில் கோபமாகப் பேசுகிறவர் இன்னும் தேவனிடத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பணிவான சொற்களால் மனதை மூடிவைத்துக்கொண்டு மெல்ல விலகிப்போவதே அதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. கடைசிப் பகுதியான நம்பிக்கை அறிக்கை இன்றைக்கு வரவில்லை என்றால், அதை வலிந்து எழுதாமல் விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளோடேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது.

சொற்களே வராத நாட்கள் உண்டு. அப்போது ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தாலே அது ஜெபமாகும். ஒரே சொற்களைத் திரும்பச் சொல்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் மூன்றாம் முறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார். தன் மகனுக்காக வந்த தகப்பன் ஒருவன், தான் விசுவாசிப்பதாகவும் தன் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்படியும் ஒரே மூச்சில் கேட்டதை மாற்கு 9-இல் காண்கிறோம். அவனுடைய மகனை இயேசு குணமாக்கினார்.

"ஏன் எனக்கு" என்ற கேள்வியை என்ன செய்வது? கேளுங்கள், ஆனால் பதில் கிடைக்கும்வரை வாழ்க்கையை நிறுத்திவைக்காதீர்கள். யோபு புத்தகத்தின் 42 அதிகாரங்களிலும் அவர் கேட்ட காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. காரணத்தைத் தங்களுக்குத் தெரிந்ததாகச் சொன்ன சிநேகிதர்களே கடைசியில் கடிந்துகொள்ளப்பட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற எண்ணத்தையும் இயேசு மறுத்தார். நீங்கள் அறிந்து செய்த தவறு ஒன்று இருந்தால் அதை அறிக்கையிட்டு, தீங்கடைந்தவரிடம் சரிசெய்யுங்கள். அப்படி ஒன்று இல்லாதபோது, இத்தண்டனைக்குரிய பாவம் எதுவோ என்று இரவெல்லாம் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். பதற்றத்தில் பெரிய பொருத்தனைகளையும் (நேர்ச்சைகளையும்) செய்ய வேண்டாம். அவற்றில் பல பேரம் பேசுதலாகவே முடிகின்றன.

நம்பிக்கை செயலாவது எப்படி என்பதற்கு எரேமியா 32-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசியோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த வேளையில் அவர் ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, தராசில் நிறுத்துக்கொடுத்து, சாட்சிகளின் கையெழுத்துடன் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் இனியும் நிலங்கள் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை அவர் உணர்ச்சிப் பெருக்கால் காட்டவில்லை. கணக்கும் கையொப்பமும் கொண்ட சாதாரண வேலையால் காட்டினார். உங்களுக்கும் அப்படிப்பட்ட வேலைகள் இருக்கும்: கடன்களை மறைக்காமல் பட்டியலிட்டுக் கடன் கொடுத்தவரைச் சந்திப்பது, விண்ணப்பம் ஒன்றை நிரப்புவது, பாதியில் நின்ற சிகிச்சையைத் தொடர்வது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த மன்னா என்ற உணவு அந்தந்த நாளுக்கே கொடுக்கப்பட்டது. மறுநாளுக்கென்று வைத்தது புழுப்பிடித்தது. எனவே ஒவ்வொரு காலையும், இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டு, மீதியைப் பெயர்சொல்லித் தேவனிடம் ஒப்படையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அடியும் வன்முறையும் நிகழும் வீட்டிலோ இடத்திலோ இருப்பவரிடம், அது அவர் சுமக்க வேண்டிய சிலுவை என்று சொல்வது தவறு. ராஜாவாகிய சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பியோடினார். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை.

அன்பு நம்பிக்கையைவிடக் கடினமாகத் தோன்றலாம், ஏனெனில் மனம் கசந்திருக்கும்போது தேவனை நேசிக்கிறேன் என்று சொல்வதே பொய்யாகப் படும். அப்படியானால் சொல்லாதீர்கள், அவருக்கு முன்பாகச் சிறிது நேரம் உட்காருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காணாத தேவன்மேலுள்ள அன்பு, காண்கிற சகோதரனிடத்தில்தான் சோதிக்கப்படுகிறது என்று யோவான் எழுதினார். ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோபர், 1943-இல் கைதாகிச் சிறையில் இருந்தபோது, சக கைதிகளுக்காக ஜெபங்களை எழுதிக்கொடுத்தார். உங்களால் அவ்வளவு முடியாமல் இருக்கலாம். உங்களைப்போலவே துன்பப்படும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் நலம் விசாரிப்பது போதும். களைத்துப்போனவர் அதற்குமேல் தம்மைக் கட்டாயப்படுத்தினால் வருவது அன்பாக இராது, எரிச்சலாகவே இருக்கும்.

பெறுவதற்கும் பழக வேண்டும். நாலுபேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனின் (உடல் முடங்கியவனின்) வரலாற்றில், இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. உங்களால் ஜெபிக்க முடியாத வாரத்தில் சபையார் உங்களுக்காக ஜெபிக்கட்டும். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், மருத்துவமனைக்குத் துணை வேண்டும், பிள்ளைகளை ஒரு மாலை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேளுங்கள். பவுலும் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரும்படியும், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படியும் கேட்டுக்கொண்டார்.

துன்பம் மாதக்கணக்கில் நீளுமானால், நல்ல நாட்களில் வைத்திருந்த ஜெப ஒழுங்கைச் சுருக்கிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சங்கீதம், இரவில் அன்றைய நாளைக் குறித்து உண்மையான ஒரு வாக்கியம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பின்வரிசையில் ஓர் இடம் என்ற அளவு பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடியது. எழுந்து உட்கார முடியாதவர் படுத்தபடியே அதைச் செய்யலாம். வாசிக்க முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் வாசித்துக் காட்டலாம்.