வீட்டு நாயைச் சோடி சேர்த்துக் குட்டி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

கல்லடியில் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி பார்க்கப் போயிருந்தேன். தாய் லாப்ரடோர். பளபளக்கும் மயிர், எடுப்பான தலை. அதன் சோற்றுத் தட்டருகே வீட்டுப் பிள்ளை கையைக் கொண்டுபோனதும் மேலுதடு சுருண்டு பல் தெரிந்தது. பிள்ளை பழகியதுபோலக் கையை இழுத்துக்கொண்டது. குட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அழகைப் பார்த்துச் சோடி சேர்ப்பதுதான் பெரிய தவறு. கண்காட்சி நடுவருக்குக் காதும் வாலும் நடையும் முக்கியம். பிள்ளைகள் ஓடி விளையாடும் வளவுக்குக் குணம் வேண்டும். பயமும் சீற்றமும் ஓரளவு இரத்தத்தில் வரும். மிச்சத்தைக் குட்டிகள் தாயிடமே பழகும். படலையைத் திறந்து அந்நியர் வந்தால் குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் சொன்னதும் அடங்குகிற பெட்டையைத் தேடுங்கள்.

முதல் பருவத்திலேயே சேர்க்காதீர்கள். 6 மாதத்திலேயே பருவம் வரலாம். அப்போது அதுவே ஒரு குட்டி. லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். 2 வயதில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே ஈற்றில் பிறந்தவற்றைச் சேர்க்கவே கூடாது. கச்சான் காற்றுக் காலத்தில் நிழலில் படுத்திருந்தே மூச்சுத் திணறும் சப்பை மூக்கு நாயிடம் குட்டி எடுப்பது அந்தத் திணறலைக் குட்டிகளுக்கும் கொடுப்பதாகும். 'ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது' என்பார்கள். அதில் உண்மையில்லை.

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். அடைமழைக் காலத்தில் ஈனாதபடி கணக்குப் பாருங்கள். ஒரு மார்கழியில் எங்கள் வீட்டில் இரண்டு குட்டிகளை இழந்தோம். சாக்கு காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அடியில் சீமெந்துத் தரை. காலையில் தொட்டபோது இரண்டும் சில்லிட்டிருந்தன. முதல் இரண்டு கிழமை குட்டிகளால் தம் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது என்பது அன்றுதான் புரிந்தது. இப்போது தரையிலிருந்து உயர்த்திய பலகைப் பெட்டி வைத்திருக்கிறேன். தினமும் சமையல் தராசில் நிறுக்கிறேன். பத்து நாளளவில் பிறந்த நிறை இரட்டிப்பாக வேண்டும். நிறை ஏறாமல் நின்றால் உடனே மிருக வைத்தியரிடம் போகிறேன்.

சோறு நக்கத் தொடங்கியதும் 5 கிழமையிலேயே குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். 8 கிழமைக்கு முன் பிரிக்காதீர்கள். பலமாகக் கடித்தால் உடன்பிறந்த குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். அப்படித்தான் கடித்த குட்டி பல்லை அடக்கக் கற்கிறது. 3ஆம் கிழமையிலிருந்து 12ஆம் கிழமை வரை பழகுவதுதான் ஆயுளுக்கும் நிற்கும். பின்வளவுக் கூட்டில் அடைந்து வளர்ந்த குட்டிக்குக் கோயில் வெடியும் முச்சக்கர வண்டியும் குழந்தையின் அழுகையும் பயம் தரும். குசினியில் வளருங்கள், நாலு பேர் தூக்கட்டும். வயிற்றுப் பூச்சி மருந்தை 2 கிழமையிலும், முதல் தடுப்பூசியை 6 முதல் 8 கிழமைக்குள்ளும் தொடங்க வேண்டும்.

சோடி சேர்க்கும் முன்பே, குட்டிகளை வளர்க்கப்போகும் வீடுகளை எண்ணுங்கள். லாப்ரடோர் 7, 8 குட்டி போடும். கடுவன் கேட்டு வருவோர் பலர், பெட்டை ஏற்போர் சிலர். மீந்தவற்றைச் சந்தையடியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். வைத்திருக்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் நான் குட்டி கொடுக்கிறேன். இரண்டு பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டும் பெட்டை, இப்போது என் வாசலில் படுத்திருக்கின்றன.