டிராம்போலினில் பழகிய பல்டியைப் பனிக்குக் கொண்டுபோவது எப்படி?

டிராம்போலினில் பிசகில்லாமல் பின்பல்டி அடிப்பவர்கள், ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் முதல் முயற்சியிலேயே முதுகடித்து விழுவது சாதாரணமாக நடக்கிறது. பயிற்சி போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், காற்றில் உடலை எப்படிச் சுழற்றுவது என்பதைத்தான் டிராம்போலின் சொல்லித்தரும். கிளம்புவதற்கும் இறங்குவதற்கும் பனியில் கணக்கே வேறு. அதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்கீயை மாட்டக்கூடாது.

டிராம்போலினின் வலை சமதளம். நேராக நின்று எம்பி, 360 டிகிரி சுழன்று, நேராகவே வந்து நிற்கிறோம். பனியில் நாம் ஏறிக் கிளம்பும் கிக்கர் என்ற பனிமேடு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இறங்கும் சரிவோ கீழ்நோக்கிப் போகிறது. கிக்கரின் விளிம்பு 25 டிகிரி, இறங்கும் சரிவு 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீக்குச் செங்குத்தாக நிற்பவர் விளிம்பை விடும்போதே 25 டிகிரி பின்னால் சாய்ந்திருப்பார். இறங்கும்போது அவர் 30 டிகிரி முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். இந்த 55 டிகிரி வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பின்பல்டிக்கு 305 டிகிரி சுழன்றால் போதும். முன்பல்டிக்கு 415 டிகிரி வேண்டும். ஒன்றும் செய்யாமல் நேராகத் தாவினால்கூட உடலை 55 டிகிரி முன்னோக்கிக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் ஸ்கீயின் வால்பக்கம் உட்கார்ந்தபடி இறங்குவது இதைச் செய்யாததால்தான்.

போதாததற்கு, கிக்கரின் முகப்பு உள்வளைவாக இருக்கும். அதில் ஏறும்போதே உடல் பின்னோக்கிச் சுழல ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே டிராம்போலினில் அடித்த அதே வேகத்தில் பின்பல்டியை அடித்தால் சுற்று கூடிப்போகும், முதுகில்தான் இறங்குவீர்கள். டிராம்போலினில் முன்பல்டியை முதலில் கற்பவர்கள் உண்டு. பனியில் அந்த வரிசை செல்லாது: நேர்த்தாவல், 180 (நிமிர்ந்தபடி பக்கவாட்டில் அரைச்சுற்று), 360 (அதே முழுச்சுற்று), பின்பல்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் முன்பல்டி.

அடுத்தது நேரம். டிராம்போலினில் பாதம் 1 மீட்டர் உயரம் எழும்பினால் 0.9 விநாடி காற்றில் இருப்பீர்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 20 டிகிரி விளிம்பிலிருந்து கிளம்பினால், அதே உயரத்துக்குத் திரும்பி வர 0.6 விநாடிதான் ஆகும். அதற்குள் சுமார் 4.5 மீட்டர் தூரம் கடந்திருப்பீர்கள். இறங்கும் இடம் தாழ்வாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் நேரம் சேரும், ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். 0.6 விநாடி என்பது டிராம்போலினில் ஏறக்குறைய 45 செ.மீ. எழும்புவதற்குச் சமம். எனவே 360-ஐ வலையில் அரை மீட்டருக்கும் குறைவான உயரத்தில் நிதானமாக முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உயர உயரக் குதித்துப் பழகியவருக்குச் சிறிய கிக்கரில் பாதிச் சுற்றிலேயே தரை வந்துவிடும்.

வலையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

தொடர்ந்து துள்ளிக்கொண்டே இருந்து நல்ல உயரம் கிடைத்ததும் பல்டி அடிப்பது பனிக்கு உதவாது. அங்கே ஒரே ஒரு கிளம்பல்தான். ஆகவே முழங்காலை மடக்கித் துள்ளலை முழுசாக நிறுத்துங்கள், பிறகு ஒரே எம்பலில் வித்தையைச் செய்யுங்கள். கைகளைப் பெரிய வட்டமாக வீசாதீர்கள். ஸ்கீ ஓட்டும்போது இருப்பதுபோல இடுப்புக்கு முன்னால் வைத்து, அங்கிருந்தே மேலே தூக்குங்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர்களுக்குப் பாதத்தை நீட்டும் வழக்கம் இருக்கும். ஸ்கீ பூட்ஸ் கணுக்காலைப் பூட்டிவிடுவதால் கெண்டைக்காலால் உந்தவே முடியாது. உந்துதல் முழங்காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும். வலையில் நிற்கும்போதே கால்விரல்களை மேலே தூக்கி, முழு உள்ளங்காலால் எம்பிப் பழகுங்கள்.

பக்கவாட்டில் ஒரு கேமராவை வைத்துப் பின்பல்டியைப் படம் பிடியுங்கள். எம்பிய இடத்திலேயே இறங்குகிறீர்களா, அல்லது பின்னால் நகர்ந்து போகிறீர்களா என்று பாருங்கள். பின்னால் நகர்ந்தால், எம்பி முடிக்கும் முன்பே தோளையும் தலையையும் பின்னால் எறிகிறீர்கள் என்று அர்த்தம். வலை அதை மன்னித்துவிடும், பனி மன்னிக்காது. நகராமல் தொடர்ந்து 10 முறை இறங்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அதன்பிறகுதான் டிராம்போலின் ஸ்கீ. இவை குட்டையானவை, இலேசானவை, உலோக விளிம்பில்லாதவை. வலை கிழியாமல் இருக்க அடியில் நுரை ஒட்டியிருக்கும். இவற்றை மாட்டியதும் சுழற்சி மந்தமாவதை உணர்வீர்கள். நிஜ ஸ்கீயில் அது இன்னும் அதிகம்: 170 முதல் 180 செ.மீ. நீளமுள்ள ஸ்கீ, பூட்ஸை அதில் பூட்டும் பைண்டிங், பூட்ஸ் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு காலிலும் 4 முதல் 5 கிலோ தொங்கும். சுழற்சியைத் தொடங்கவும் நேரமாகும், நிறுத்தவும் நேரமாகும். கையில் கம்பு வைத்திருப்பதாக இருந்தால் வலையிலும் ஏதாவது குட்டைக் குழாயைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். முழங்காலை இழுக்கும்போது கை எங்கே போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இடையில் ஒரு படி

பல்டி வகைகளை வலையிலிருந்து நேராகப் பனிக்குக் கொண்டுபோகவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. கொலராடோவின் காப்பர் மவுண்டனில் உள்ள வுட்வர்டு, சுவிட்சர்லாந்தின் லாக்ஸ் ஊரில் உள்ள ஃப்ரீஸ்டைல் அகாடமி போன்ற உள்ளரங்குகள் இதற்காகவே இருக்கின்றன. பார்க் சிட்டியின் யூட்டா ஒலிம்பிக் பார்க்கில் ஈரமான பிளாஸ்டிக் சரிவிலிருந்து நீச்சல் குளத்தில் தாவலாம். அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டு நீரின் மேற்பரப்பை மென்மையாக்குகிறார்கள். காற்றில் பல்டி அடிக்கும் ஸ்கீ போட்டியான ஏரியல்ஸின் வீரர்கள் கோடைக்காலம் முழுக்கப் பழகுவது இப்படித்தான்.

இத்தகைய இடங்களில் இருக்கும் நுரைக்குழிக்கும் (நுரைத் துண்டுகள் நிரம்பிய பள்ளம்) தட்டையான ஏர்பேகுக்கும் (காற்று நிரப்பிய மெத்தை) ஒரு குறை உண்டு. எப்படி விழுந்தாலும் வலிக்காது, அதனால் எதையாவது எறிந்துவிட்டு முதுகில் விழுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். சரிவான ஏர்பேக் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அதில் காலில் இறங்கி, கீழேவரை சறுக்கி நிறுத்த முடியும். சறுக்கி நிறுத்தியதை மட்டும் வெற்றியாகக் கணக்கில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பனியில்

அமெரிக்க ஸ்கீ மைதானங்களின் சங்கம் பரப்பிய ஸ்மார்ட் ஸ்டைல் விதிகளில் ஒவ்வொரு தாவலையும் நான்காகப் பிரித்திருந்தார்கள்: அணுகல், கிளம்பல், வித்தை, இறங்கல். வலை உங்களுக்குத் தந்தது மூன்றாவதை மட்டும். எனவே புதிய கிக்கரில் முதல் இரண்டு மூன்று தடவை நேராகத் தாவி மற்ற மூன்றையும் சரிபாருங்கள். அதற்கும் முன்பு தாவாமல் ஓரமாகச் சறுக்கிக்கொண்டுபோய் விளிம்பின் சாய்வு, விளிம்புக்கும் இறங்கும் சரிவுக்கும் இடையிலுள்ள நடுமேடையின் நீளம், இறங்கும் சரிவு தொடங்கும் நக்கிள், அதற்கு அப்பால் ஆள் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பாருங்கள். வேகம் குறைந்தால் நக்கிளில் முட்டுவீர்கள். கூடினால் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் விழுவீர்கள். இந்த இரண்டு இடங்களிலும் முழங்கால் கெடலாம்.

காலையில் உறைந்து கிடக்கும் பனியில் புதிதாக எதையும் முயலாதீர்கள். வசந்தகால வெயிலில் மேல்பரப்பு இளகிய பிறகு தொடங்குங்கள். ஆனால் பிற்பகலில் ஈரம் கூடும்போது ஸ்கீ இழுபடும். காலையில் கண்ட வேகம் அப்போது கிடைக்காது. அரைமணிக்கு ஒருமுறை நேர்த்தாவலால் வேகத்தைச் சோதியுங்கள். பைண்டிங்கின் டின் அளவை (எவ்வளவு விசையில் ஸ்கீ கழல வேண்டும் என்ற அளவு) கடையில் உங்கள் எடைக்கும் பூட்ஸ் அளவுக்கும் தக்கபடி வைக்கச் சொல்லுங்கள். கழன்றுவிடுமோ என்று பயந்து தாமாக முறுக்குபவர்களுக்கு விழும்போது ஸ்கீ கழலாது. பல சமயம் பைண்டிங் அகாலத்தில் கழல்வதற்குப் பூட்ஸ் அடியில் அப்பிய பனியே காரணம். சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஹெல்மெட், முதுகுக் கவசம், வாய்க்காப்பு மூன்றும் வேண்டும்.

360-க்கு முதலில் சமதளப் பனியில் நின்ற இடத்திலேயே 180 குதித்துப் பாருங்கள், பிறகு சிறு மேட்டில் சறுக்கிப்போய். அடுத்து 3 முதல் 5 மீட்டர் நடுமேடையுள்ள கிக்கர். இரண்டு ஸ்கீயும் தட்டையாக, நேர்கோட்டில் ஏறுங்கள். வளைவில் ஏறும்போது தோளைச் சுழலப்போகும் திசைக்கு எதிராக இலேசாகத் திருப்பி வைத்து, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் அழுந்தியபடி, விளிம்பின் கடைசியில் நிமிர்ந்து எம்புங்கள். எம்பலும் தோள் திருப்பலும் ஒரே கணத்தில். தலையைத் தோளுக்கு மேலாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். கீழே பார்த்தால் அச்சு சாய்ந்துவிடும். முக்கால் சுற்றில் இறங்குமிடம் கண்ணில் படும். அப்போது கைகளை விரித்து, கால்களை நீட்டித் தரையைத் தேடுங்கள்.

360-இல் அடிக்கடி நடக்கும் தவறு, விளிம்பை எட்டுமுன்பே சுழலத் தொடங்குவது. ஒரு ஸ்கீயின் விளிம்பு பனியைக் கடிக்கும், நீங்கள் கிக்கரின் ஓரமாக வெளியேறுவீர்கள், உடல் சரிந்து சுழலும். அவசரமே காரணம். காற்றில் நேரம் போதாது என்ற பயத்தில் முன்கூட்டியே திருப்புகிறார்கள். மருந்து பெரிய கிக்கர் அல்ல, சரியான எம்பல். இன்னொரு தவறு 270-இல் இறங்குவது. ஸ்கீ குறுக்காக இருக்கும்போது கீழ்ப்பக்க விளிம்பு மாட்டினால் தூக்கியடிக்கும். சுற்று முடியாது என்று பாதியிலேயே தெரிந்தால் 180-லேயே நிறுத்திப் பின்பக்கமாக இறங்கிவிடுங்கள். ஆகவே பின்பக்கமாகச் சறுக்குவதை 360-க்கு முன்பே தேறியிருக்க வேண்டும்.

பின்பல்டிக்கு விளிம்பு செங்குத்தான கிக்கர் நல்லது. 30 கி.மீ. வேகமும் 30 டிகிரி விளிம்பும் இருந்தால் 0.85 விநாடி கிடைக்கும், தூரம் 6 மீட்டர்தான். தலைகீழ் வித்தைகளைத் தடைசெய்த மைதானங்கள் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விளிம்பில் கண் நேர் எதிரே இருக்கட்டும். இடுப்பை முன்னும் மேலுமாகத் தள்ளி முழுசாக நிமிருங்கள், கைகள் காதளவுக்கு எழட்டும். ஸ்கீ பனியை விட்ட பிறகே முழங்கால் மார்புக்கு வர வேண்டும். தலை கடைசியில்தான் பின்னால் போக வேண்டும். பின்னோக்கிய சுழற்சியைக் கிக்கரே தருகிறது, நீங்கள் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். தலைகீழானதும் இறங்கும் சரிவு தெரியும். வேகமாகச் சுழன்றால் உடலை நீட்டுங்கள். மெதுவாக இருந்தால் இன்னும் இறுக்கிச் சுருளுங்கள். நடுவில் மனம் மாறி, பல்டியைக் கைவிட்டு உடலை விரிப்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து, தலையில் இறங்க நேரும். தயக்கம் இருந்தால் அதை மேலே, கிளம்புவதற்கு முன்பே தீர்த்துக்கொண்டு அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

360 தடையில்லாமல் வந்தபிறகு சேஃப்டி கிராப் சேருங்கள்: வலக்கை வலது ஸ்கீயின் வெளி விளிம்பைப் பூட்ஸுக்கு அருகே பிடிக்கும். கையைக் கீழே நீட்டாதீர்கள், முழங்காலை மடக்கி ஸ்கீயைக் கைக்குக் கொண்டுவாருங்கள். இது அழகுக்கு மட்டுமல்ல. உடல் சுருங்கி இருப்பதால் சுழற்சியும் சீராகிறது.

முன்பல்டிக்குத் தேவையான சுற்றைக் குறைக்க விளிம்பு தாழ்வான கிக்கரைத் தேடுங்கள். 15 டிகிரி விளிம்பும் 25 டிகிரி இறக்கமும் என்றால் 400 டிகிரி போதும். எம்பாமல் முன்னால் குனிந்து விழுந்தால் ஸ்கீயின் வால்கள் விளிம்பில் தட்டும், முகம் பனியில் புதையும். எனவே முதலில் எம்பல், வால்கள் விளிம்பைத் தாண்டிய பிறகே சுருளல்.