மேல்மலையில் மின்சாரம் இல்லாத ஒரு குளிர்காலம்

டொரண்டோவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர்களில் ஆண்டுக்கு ஒருவராவது, "மாமா, மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் உங்கள் தோட்டத்து வீட்டிலேயே இருந்து பார்க்கலாமா?" என்று கேட்கிறார். வீடு கொடைக்கானலை அடுத்த மன்னவனூர்ப் பக்கம் இருக்கிறது. மின் இணைப்பு கிடையாது. தண்ணீர் ஊற்றிலிருந்து ஓஸ் வழியாக வருகிறது. இருக்கலாம் என்றுதான் பதில் சொல்கிறேன். ஆனால் கனடாவுக்கும் நார்வேக்கும் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறிவிடுகிறார்கள். அங்கே பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் எடுப்பதும், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் உயிர் பிழைப்பதும்தான் பாடம். பழனி மலையின் மேல்மலைப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. இங்கே பனிப்பொழிவு இல்லை. உறைபனிதான் உண்டு, அதுவும் விடிந்து ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். இங்கே ஆளை விரட்டுவது ஈரம். விறகு, படுக்கை, சுவர், பேட்டரி என்று எதைப் பற்றிய முடிவாக இருந்தாலும், அது உலர்ந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும்.

மேலே ஏறும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள். "கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை" என்பார்கள். அந்தக் கணக்கில் திருக்கார்த்திகை தீபம் முடிந்த பிறகு வருவது நல்லது. ஐப்பசியில் வந்து வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. ஆனால் வங்கக்கடலில் டிசம்பரிலும் புயல் உருவாகும் என்பதால் பழமொழியை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கவும் முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் உள்நாட்டுக்குள் வந்து கொடைக்கானல் மலையையும் புரட்டிப் போட்டபோது, மரங்கள் விழுந்து, மண் சரிந்து, மலைக் கிராமங்கள் பல நாட்கள் தனித்துக் கிடந்தன. ஆகவே பத்து நாட்களுக்கான அரிசி, பருப்பு, மருந்து எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்.

சட்டம் சார்ந்த மூன்று விஷயங்களைக் கீழே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளியூர் வாகனத்தில் வந்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை உள்ளது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர், 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்கும் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். உறவினர் வீடுதானே என்று விட்டுவிட வேண்டாம். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: வெளிநாட்டில் மலையேறுபவர்கள் சாதாரணமாகப் பையில் போட்டுக்கொள்ளும் செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையும் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்திலேயே கைதானவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, வீட்டைச் சுற்றி எந்த இடத்தில் நின்றால் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று முதல் நாளே நடந்து பார்த்து, அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். இருட்டில் 108-ஐ அழைக்க வேண்டி வந்தால் அந்தக் கல் உதவும்.

வீடு பார்க்கும்போது ஓடைக்கரையின் அழகில் மயங்கிவிட வேண்டாம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் தண்ணீர் போலவே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. காலையில் ஓடையோரப் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல வெளுத்திருக்க, ஐம்பதடி மேலே இருக்கும் கேரட் பாத்தியில் வெறும் பனித்துளி மட்டுமே நிற்பதை இங்கே எந்த விவசாயியும் காட்டுவார். சரிவின் நடுவில், காலை வெயில் படும்படி கிழக்கோ தென்கிழக்கோ பார்த்த வீடுதான் வேண்டும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதால் பொங்கலோடு குளிர் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம்.

இனி விறகு. முதல் குளிர்காலத்தில் நான் செய்த பெரிய தவறு இதில்தான். ஐப்பசியில் ஒரு வியாபாரியிடம் ஒரு டன் சீகை விறகு வாங்கினேன். காய்ந்தது என்று அவர் சொன்னார். நானும் ஒன்றைக்கூடப் பிளந்து பார்க்கவில்லை. கணப்பில் வைத்தால் கட்டையின் இரு முனைகளிலும் வெள்ளை நுரை பொங்கி, சீறிக்கொண்டே புளித்த வாடையுடன் கசிந்தது. அடுப்பின் சூடெல்லாம் கட்டையிலிருந்த தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விட, அறை குளிர்ந்தே கிடந்தது. புகைப்போக்கியின் உட்புறம் கறுப்புத் தார் போன்ற கசடு படிந்து, மாதக் கடைசியில் சுவரில் ஒழுகத் தொடங்கியது. அந்தக் கசடு தீப்பிடித்தால் கூரையே போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சித்திரையில பிளந்த வெறகத்தான் தம்பி மார்கழியில எரிக்கணும்" என்றார்.

காய்ந்த விறகை அறிவது எளிது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று தெளிவாக ஒலிக்க வேண்டும். 'பொத்'தென்று கேட்டால் ஈரம் இருக்கிறது. வெட்டுமுனையில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டை கையோடு உரிந்து வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டை போட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரத்தால் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் தார்ப்பாய் சுற்றிக் கட்டினால் விறகு உள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். மாலை ஐந்து மணி முதல் பத்து வரை கணப்பு எரிக்கும் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ செலவாகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டா நிலத்து மரம் வெட்டியவர்களிடமே வாங்குங்கள். சுற்றிலும் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் காப்புக்காடும் இருக்கின்றன. அங்கே விழுந்து கிடக்கும் கிளையைப் பொறுக்குவதும் குற்றம்தான்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: கரியடுப்பையோ கனல் நிறைந்த சட்டியையோ படுக்கும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலைவலி வந்து, தூக்கம் வருவது போல இருந்து, அப்படியே உயிர் போய்விடும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இவ்வாறு இறந்த சுற்றுலாப் பயணிகள் உண்டு. புகைப்போக்கி உள்ள கணப்பாக இருந்தாலும் ஒரு சன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்து, நெருப்பு அணைந்த பிறகு படுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தால், அதைவிடப் பயனுள்ள பொருள் பெட்டியில் வேறு இருக்காது.

அறைக்குள் சேரும் ஈரத்தின் பெரும்பகுதி நம் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் உள்ளே காயப்போடும் துணியிலிருந்தும் வருவது. வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை சன்னல்களை முழுவதும் திறந்து, மெத்தையையும் கம்பளியையும் வெளியே கொண்டுபோய் விரித்துப் போடுங்கள். முதல் நாள் அப்படிப் போட்டபோது இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி எழுந்ததை நின்று பார்த்தேன். அதன் மேல்தான் ஒரு வாரமாகப் படுத்திருந்தேன். மூன்று மணிக்கெல்லாம் மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறிவிடும் நாட்கள் உண்டு; அதற்குள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

மின்சாரத்துக்குச் சூரியத் தகடு போதும். பகல் பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். டிசம்பர் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 56 டிகிரி உயரத்தில் நிற்கும். தகட்டைத் தெற்கு நோக்கி 25 டிகிரி சாய்த்து, காலை ஒன்பது முதல் மூன்று வரை ஒரு பைன் மரக் கிளையின் நிழல்கூட விழாதபடி வையுங்கள். கணக்கு இப்படி: 7 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 70 வாட்-மணி, இரண்டு கைபேசிகளுக்கு 30, மடிக்கணினி மூன்று மணி நேரத்துக்கு 150, ஆக 250. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்பதால் 600 கிடைக்கும். மஞ்சு மூடிய இரண்டு நாட்களைத் தாங்கிவிடும். 200 வாட் தகடு தெளிந்த ஒரு நாளில் அந்தக் குறையை நிரப்பிவிடும். ஆனால் 1,500 வாட் மின்கெட்டிலைப் பத்து நிமிடம் போட்டால் ஒரு நாள் முழுவதற்குமான 250-உம் அதிலேயே தீர்ந்துவிடும். சூடு தேவைப்படும் எதையும் விறகிடமும் எரிவாயுவிடமும் விட்டுவிடுங்கள். பேட்டரியைப் படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியாகும். லித்தியம் பேட்டரி என்றால் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது.

ஊற்றுத் தண்ணீருக்கு மோட்டார் தேவையில்லை. வீட்டைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் ஊற்று இருந்தாலே குழாயில் நல்ல வேகம் இருக்கும். ஓஸின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். தண்ணீர் திடீரென்று நின்றால் பெரும்பாலும் இலை அடைத்திருக்கும், அல்லது ஓஸ் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று நின்றிருக்கும். அந்த மேட்டைத் தாழ்த்தினால் போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், குடிநீரைத் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். அதே காரணத்தால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் வர வேண்டாம். கழிவறைக் குழி ஊற்றுக்குக் கீழ்ச்சரிவில், முப்பது மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலில் நம் ஊர்ப் பழக்கங்கள் சில இங்கே செல்லாது. இட்லி மாவு ஓர் இரவில் புளிக்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் மறுநாள் மாலை ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் கட்டியாகவே இருக்கும் என்பதால் கடலை எண்ணெய் வசதி. விடியற்காலையில் எரிவாயு அடுப்பு மெலிந்து எரிவது சிலிண்டர் தீர்ந்ததால் அல்ல, குளிரில் அழுத்தம் குறைவதால்தான். அதற்காக யாரும் சிலிண்டருக்குக் கீழே நெருப்பு வைத்துவிடக் கூடாது, வெயில் வரக் காத்திருங்கள். நிரந்தர இணைப்பு இல்லாதவர்கள் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிறிய சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். காய்கறிக்குக் கவலை இல்லை. கேரட், உருளை, பீன்ஸ், முட்டைகோஸ் தோட்டத்திலேயே கிடைக்கும். பூண்டும் அப்படியே, கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

தோட்டம் இருக்கும் இடத்துக்குக் காட்டுமாடும் வரும். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிதாக மூச்சு விடும் ஓசையும், முட்டைகோஸ் இலை நறநறவென்று அறுபடும் ஓசையும் கேட்டால் கதவைத் திறக்காதீர்கள், மேய்ந்துவிட்டுப் போய்விடும். காய்கறிக் கழிவை வாசலுக்குப் பக்கத்தில் கொட்டுவதுதான் அதை அழைத்து வருகிறது. இருட்டிய பிறகு வெளியே போயே ஆக வேண்டுமென்றால் பெரிய டார்ச் விளக்கோடு, பேசிக்கொண்டே போங்கள்.

மாசி முடிவதற்குள் புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் சருகைப் பெருக்கிவிட்டு, சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பூண்டுப் பாத்தியில் போடுங்கள். கிளம்பும் நாளில் பேட்டரியை முழுவதும் சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து, ஓஸை ஊற்றிலிருந்து கழற்றிச் சுருட்டி வையுங்கள். சாவியைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுக்கும்போது, அடுத்த மார்கழிக்கும் வரும் எண்ணம் இருந்தால், சித்திரையில் ஒரு டன் பிளந்து அடுக்கி வைக்கச் சொல்லி அதற்கான முன்பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.